தவறுக்கு மரண தண்டனை வேண்டாம்: ரவுண்டானாவின் நியாயம்

சாலை விபத்து என்று பேச்செடுத்தாலே நம் வாயில் முதலில் வருவது 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்பதுதான். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது, முதல் தகவல் அறிக்கையும் அப்படித்தான் எழுதுகிறது. அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒரு விளக்கத்தோடு விசாரணையை மூடிவிட்டால், பிறகு நம் கையில் மிஞ்சுவது அறிவுரை மட்டுமே. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இவ்வளவையும் அறிவுரையால் குறைத்துவிடலாம் என்று நம்ப முடியுமா? மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். களைத்திருப்பான், அவசரத்தில் இருப்பான், தூரத்தைத் தப்பாகக் கணித்துவிடுவான். அந்தத் தவறு நடக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்க முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சந்திப்புகளைப் பொறுத்தவரை முடியும் என்பதற்கு அரை நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றுதான் ரவுண்டானா. ஒழுங்காக வடிவமைத்த ரவுண்டானா, சிக்னல் போட்ட சந்திப்பைவிடவும், எதுவுமே போடாத சந்திப்பைவிடவும் உயிர்களைக் காக்கிறது என்பதையும், அது ஏன் என்பதையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் எவை நிற்கும், எவை நிற்காது என்பதையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நான்கு சாலைகள் கூடும் ஒரு சாதாரண நாற்சந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாலையிலிருந்தும் வரும் வண்டி நேராகப் போகலாம், இடதுபுறம் திரும்பலாம், வலதுபுறம் திரும்பலாம். இந்தப் பாதைகளையெல்லாம் ஒரு தாளில் கோடுகளாக வரைந்து, கோடுகள் தொட்டுக்கொள்ளும் இடங்களை எண்ணினால் 32 வரும். பொறியாளர்கள் இவற்றை மோதல் புள்ளிகள் என்பார்கள். இவற்றில் பாதி, அதாவது 16, ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கே வெட்டும் புள்ளிகள். மீதி, பாதைகள் பிரிகிற, சேர்கிற இடங்கள். அதே நான்கு சாலைகளுக்கு நடுவில் ஒரு வட்டத் தீவை வைத்து, எல்லா வண்டிகளும் அதை ஒரே திசையில் சுற்றித்தான் போக வேண்டும் என்று ஆக்கிவிட்டால், 32 என்பது 8 ஆகிவிடுகிறது. நான்கு இடங்களில் வண்டிகள் வட்டத்தில் சேர்கின்றன, நான்கு இடங்களில் பிரிகின்றன. குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததைவிட இதுதான் பெரிய விஷயம். நம்மைப் போல இடதுபுறம் ஓட்டும் நாடுகளில், எதிரே வரும் வண்டிகளை ஊடறுத்து வலதுபுறம் திரும்புவதுதான் சந்திப்பில் மிகவும் ஆபத்தான காரியம். ரவுண்டானாவில் அந்தத் திருப்பமே கிடையாது. வலப்பக்கச் சாலைக்குப் போக வேண்டியவரும் தீவை வலமாகச் சுற்றி, தன் வழி வரும்போது இடதுபுறமாகத்தான் வெளியேறுவார்.

மோதல் எந்தக் கோணத்தில் நடக்கிறது என்பது ஏன் முக்கியம்? காரின் முன்புறம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி கட்டப்பட்டிருக்கிறது. இன்ஜினும் சட்டகமும் மோதலின் விசையைத் தின்றுவிட்டுத்தான் உள்ளே இருப்பவரிடம் விடும். பக்கவாட்டில் அப்படி இடமில்லை. ஒரு கதவின் கனம்தான். இருசக்கர வாகனத்துக்கு அதுவும் இல்லை. நாற்சந்தியில் ஒரு வண்டியின் விலாவில் இன்னொன்று செங்குத்தாகப் பாய்வது இதனால்தான் அவ்வளவு உயிர்களைக் கொல்கிறது. ரவுண்டானாவில் இரு வண்டிகளும் ஏறத்தாழ ஒரே திசையில் நகர்கின்றன. மோதினால் பெரும்பாலும் உரசலாகவோ, பின்னால் இடிப்பதாகவோ முடிகிறது. இதோடு வேகம் சேர்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பது பள்ளிப் பாடம்: மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டியின் வேகம் 30 ஆனால், மோதலுக்குக் கொண்டுவரும் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். 30 கிலோமீட்டரில் 8 மீட்டர்தான். ஒற்றைத் தட ரவுண்டானாவில் வளைவே வண்டியை 30, 40 கிலோமீட்டருக்குள் கட்டிப்போடுகிறது. அந்த வேகத்தில் தவறு செய்தவருக்கும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது, எதிரே இருப்பவருக்கும் விலகிக்கொள்ள நேரம் இருக்கிறது.

சிக்னல் இதே வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். செய்கிறது, எல்லோரும் கீழ்ப்படியும் வரை. சிக்னல் வண்டிகளை நேரத்தால் பிரிக்கிறது, பாதைகளை மாற்றுவதில்லை. 16 வெட்டுப் புள்ளிகளும் அங்கேயே இருக்கின்றன, ஒரு விளக்கின் காவலில். பச்சை கிடைத்தவர் வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மஞ்சள் விழுவதைத் தூரத்தில் பார்த்தால் முடுக்கவே செய்கிறார். குறுக்குச் சாலையில் ஒருவர் சிவப்பைத் தாண்டிவிட்டால், முழு உரிமையோடும் முழு வேகத்தோடும் வருகிறவரின் பாதையில் போய் விழுகிறார். சிக்னல் ஒழுங்குக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே சிவப்பு விளக்கைத் தாண்டுவதால் நேரும் விபத்துகளில் 2022ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மின்சாரம் போனாலோ, நள்ளிரவில் விளக்கை மஞ்சள் சிமிட்டலுக்கு மாற்றிவிட்டாலோ, அந்தக் காவலும் இல்லை. ரவுண்டானாவின் நடுத்தீவுக்கு மின்சாரம் தேவையில்லை. குடித்துவிட்டு வருபவரையும் தூக்கக் கலக்கத்தில் வருபவரையும் அது வளைத்துத்தான் விடும். வளையாவிட்டால் அவர் போய் ஏறுவது தீவின் மேல், வேறொருவரின் கதவின் மேல் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நடுவில் வட்டம் இருப்பதெல்லாம் ரவுண்டானா ஆகிவிடாது. 1905இல் நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளிலும், அதற்குச் சற்றுப் பின் பாரிஸிலும் வண்டிகளை வட்டமாக ஒரே திசையில் ஓட வைத்தார்கள். அமெரிக்காவில் அந்த யோசனை பரவி, பெரிய பெரிய வட்டங்கள் கட்டப்பட்டன. ஆனால் உள்ளே நுழைகிறவருக்கே முன்னுரிமை என்ற விதி பல இடங்களில் இருந்தது. நெரிசல் நேரத்தில் நுழைபவர்கள் வட்டத்தை அடைத்துக்கொள்ள, உள்ளே இருப்பவர் வெளியேற முடியாமல், வட்டம் முழுதும் பூட்டிக்கொண்டது. நெரிசல் இல்லாத நேரத்திலோ விரிந்த வட்டத்தில் வேகம் பறந்தது. வட்டம் என்ற யோசனையே தோற்றுவிட்டதாக அங்கே முடிவு கட்டினார்கள். பிரிட்டன் வேறு முடிவுக்கு வந்தது. அரசின் சாலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபிராங்க் பிளாக்மோர் போன்றோரின் முயற்சியால், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு நுழைகிறவர் வழிவிட வேண்டும் என்ற விதி 1966 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பூட்டு திறந்தது. வண்டிகள் பின்னிப் பிணைவதற்காக நீளமான வளைவுகள் வேண்டும் என்ற தேவையும் அதோடு போயிற்று. வட்டத்தைச் சிறிதாக்கலாம், சிறிதாக்கினால் வேகம் குறையும். ஆகவே நான் ரவுண்டானா என்று இன்று சொல்வதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: நுழைகிறவர் வழிவிடுவது, நேர்கோட்டில் யாரும் கடந்துவிட முடியாதபடி பாதையை வளைப்பது, வேகத்தை ஏற விடாத சிறிய அளவு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் சொல்லப்போகும் புள்ளிவிவரங்களுக்கு அது உரிமை கோர முடியாது.

புள்ளிவிவரங்களுக்கு வருவோம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எந்தச் சந்திப்பில் திடீரென்று விபத்து கூடுகிறதோ அங்கேதான் அதிகாரிகள் மாற்றம் செய்வார்கள். மோசமான ஓராண்டுக்குப் பின் எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் எண்ணிக்கை சற்று இறங்கத்தான் செய்யும். முன்பு இத்தனை, பின்பு இத்தனை என்று வெறுமனே ஒப்பிட்டால் அந்த இயல்பான இறக்கமும் ரவுண்டானாவின் கணக்கில் ஏறிவிடும். இதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் முறையைக் கையாண்டு, அமெரிக்காவில் எட்டு மாநிலங்களில் ரவுண்டானாவாக மாற்றப்பட்ட 24 சந்திப்புகளை ஆராய்ந்த ஆய்வு 2001இல் வெளியானது. எல்லா விபத்துகளும் சேர்ந்து 38 விழுக்காடு குறைந்திருந்தன. காயம் ஏற்படுத்திய விபத்துகள் 76 விழுக்காடு. உயிரையோ கை கால்களையோ பறிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 90 விழுக்காடு. 2007இல் 55 இடங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு முறையே 35, 76 என்று கிட்டத்தட்ட அதே எண்களைத் தந்தது. நாட்டுப்புறச் சாலைகளில், கிளைச் சாலைக்கு மட்டும் 'நில்' பலகை வைத்திருந்த சந்திப்புகளை ஒற்றைத் தட ரவுண்டானாவாக மாற்றியபோது காய விபத்துகள் சுமார் 87 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவுக்கு வெளியே நடந்த 28 ஆய்வுகளை 2003இல் தொகுத்த நார்வே ஆய்வாளர் ரூனே எல்விக், காய விபத்துகளில் 30 முதல் 50, மரண விபத்துகளில் 50 முதல் 70 விழுக்காடு குறைவு என்று அடக்கமான மதிப்பீட்டையே தந்தார். எந்த எண்ணை நம்பினாலும் ஒரு வரிசை மட்டும் மாறுவதில்லை: விபத்து எவ்வளவு கொடியதோ, குறைவும் அவ்வளவு பெரியது. வேகமும் கோணமும்தான் காரணம் என்றால் எதிர்பார்க்க வேண்டியது சரியாக இந்த வரிசையைத்தான். அதனாலேயே இந்த எண்களை நான் நம்புகிறேன்.

ஒரு நகரம் முழுவதுமே இந்த வழிக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள கார்மெல் எடுத்துக்காட்டு. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். 1996 முதல் 2023 வரை மேயராக இருந்த ஜேம்ஸ் பிரெய்னார்ட் இங்கிலாந்தில் படித்த காலத்தில் ரவுண்டானாக்களைப் பார்த்துப் பழகியவர். அவர் காலத்தில் சிக்னல்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, 150க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்கள் வந்தன. 2020இல் அமெரிக்கா முழுவதும் லட்சம் பேருக்குப் பதினொருவருக்கு மேல் சாலையில் இறந்தபோது, கார்மெலில் லட்சத்துக்குச் சுமார் இருவர். இந்த வித்தியாசம் முழுவதையும் ரவுண்டானாவின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். கார்மெல் வசதியானவர்களின் புறநகர். புதிய கார்கள், நல்ல சாலைகள், அருகில் மருத்துவமனை. ஆனால் ஒன்றை அது உறுதியாகக் காட்டுகிறது. ஒன்றிரண்டு இடங்களில் சோதனையாக வைப்பது மட்டும்தான் சாத்தியம் என்றில்லை; ஒரு நகரமே ரவுண்டானாவில் ஓடலாம், ஓடியும் முடங்காமல் இருக்கலாம்.

முடங்குவதைப் பற்றிய கவலைதான் முதல் ஆட்சேபம். ரவுண்டானாவில் வேகம் குறைகிறது, ஆகவே நேரம் வீணாகும் என்கிறார்கள். உச்ச வேகம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் பயண நேரத்தைத் தின்பது பெரும்பாலும் காத்திருப்பு. குறுக்கே ஒரு வண்டிகூட இல்லாதபோதும் சிவப்பு விளக்கின் முன் நிற்கும் நிமிடங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒற்றைத் தட ரவுண்டானா ஒரு நாளைக்கு 20,000 முதல் 25,000 வண்டிகள் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இரட்டைத் தடம் வேண்டும். அங்கே தடம் மாறும் குழப்பத்தால் சிறு மோதல்கள் கூடுகின்றன, பாதுகாப்பின் ஆதாயம் ஓரளவு குறைகிறது. ஒரு சாலையில் மட்டும் வெள்ளம் போல் வண்டிகள் வர, மற்றச் சாலைக்காரர்களுக்கு இடைவெளியே கிடைக்காத சந்திப்புகளும் உண்டு. அங்கெல்லாம் சிக்னலோ, சிக்னல் சேர்ந்த ரவுண்டானாவோ, மேம்பாலமோதான் வழி. மாநகரத்தின் மிகப் பெரிய சந்திப்புகளுக்கு ரவுண்டானாவைப் பரிந்துரைப்பது என் நோக்கமில்லை. ஆனால் சந்திப்புகளில் மிகப் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இது காருக்கான பாதுகாப்பு, நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் என்ன கிடைக்கிறது? நடப்பவரைப் பொறுத்தவரை வடிவம் சாதகமாகவே இருக்கிறது. சாலை ரவுண்டானாவைச் சேரும் இடத்தில் நடுவே ஒரு சிறு திட்டு இருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்துக் கடந்தால் போதும், நடுவில் நின்றுகொள்ளலாம். கடக்கும் இடம் வட்டத்திலிருந்து ஒரு கார் நீளம் தள்ளி அமைவதால், நடப்பவரைப் பார்க்கும்போதே ஓட்டுநர் வேகம் குறைந்தவராக இருக்கிறார். பார்வையற்றவர்களுக்கு இது போதாது. வண்டிகள் நிற்காமல் சுழலும்போது, காதை வைத்து இடைவெளியைக் கண்டுபிடிப்பது கடினம். இரட்டைத் தடமாக இருந்தால் முதல் கார் நின்று வழிவிட, மறைவிலிருந்து இரண்டாவது கார் வந்துவிடும். அத்தகைய இடங்களில் ஒலி எழுப்பும் நடை சிக்னலோ மேடான கடவையோ சேர்த்தே ஆக வேண்டும். சைக்கிளின் கதை இன்னும் எச்சரிக்கையானது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 91 ரவுண்டானாக்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு, சைக்கிள் ஓட்டுநர்கள் காயமடைந்த விபத்துகள் 27 விழுக்காடு கூடியிருந்ததாகச் சொல்கிறது. வட்டத்தின் விளிம்பிலேயே சைக்கிளுக்குத் தடம் வரைந்த இடங்கள்தான் மோசம். வெளியேறும் கார் நேராக அந்தத் தடத்தை வெட்டுகிறது. சைக்கிள் பாதையைத் தனியாகப் பிரித்து வைத்த இடங்களில் நிலைமை மேலாக இருந்தது. நெதர்லாந்து பரவலாகக் கையாளும் முறையும் அதுவே. ஆகவே இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை, ஏற்கிறேன். அது கேட்பது வடிவத்தில் கூடுதல் அக்கறையை. சந்திப்பைப் பழையபடி விடுவதை இல்லை.

மூன்றாவதாக நம் ஊரில் எல்லோரும் சொல்வது: 'அதெல்லாம் அங்கே சரி. இங்கே யார் வழிவிடுவார்கள்?' சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றுபவருக்கு முன்னுரிமை தருகின்றன. அதே ஆண்டு இந்தியச் சாலைப் பேராயம் தன் ரவுண்டானா வழிகாட்டியைப் புதுப்பித்தது. சட்டத்தை மதிக்காதவர்களைப் பற்றித்தானே கேள்வி என்பீர்கள். சரி. சட்டத்தை மதிக்காத ஒருவரைச் சிக்னலிலும் ரவுண்டானாவிலும் நிறுத்திப் பார்ப்போம். சிக்னலில் அவர் மீறினால் 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொருவரின் விலாவில் பாய்கிறார். ரவுண்டானாவில் மீறினால் 25 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கை நுழைக்கிறார். ஹாரன் சத்தம், வசவு, கொஞ்சம் நெரிசல். ஒழுங்கு குறைந்த ஊருக்குத்தான் ஒழுங்கை நம்பியிராத அமைப்பு அதிகம் தேவை. இந்தியாவில் சாலையில் இறப்பவர்களில் இருசக்கர வாகனத்தில் செல்வோர் 2022இல் 44.5 விழுக்காடு. சுற்றிலும் இரும்புக் கூடு இல்லாத அவர்களுக்கு வேகம் குறைவதைவிடப் பெரிய கவசம் வேறில்லை. ஆனால் வெளிநாட்டுப் படத்தை அப்படியே பிரதி எடுத்தால் போதாது. காருக்குப் போதுமான வளைவை ஒரு பைக் ஏறத்தாழ நேர்கோட்டிலேயே கடந்துவிடும். ஆகவே நுழைவாயை இன்னும் ஒடுக்கி, இன்னும் வளைக்க வேண்டும். நீளமான லாரிகளும் பேருந்துகளும் திரும்ப, தீவைச் சுற்றி ஏறிப்போகக்கூடிய தாழ்ந்த கல் வளையம் வேண்டும். கார்களும் பைக்குகளும் அதன் மேல் வசதியாக ஓடாத அளவுக்கு அது மேடாகவும் இருக்க வேண்டும்.

நம் ரவுண்டானாக்கள் தோற்றதாகச் சொல்லப்படும் இடங்களைக் கவனித்தால் தோற்றது எது என்று தெரியும். பல இடங்களில் இருப்பது அமெரிக்கா கைவிட்ட அந்தப் பழைய வட்டம்தான்: அகன்ற தீவு, அகன்ற சாலை, வழிவிடு கோடு இல்லை, இரவில் வேகம். வேறு பல இடங்களில் தீவு என்பது சிலை வைக்கவும் விளம்பரம் நடவும் கிடைத்த காலி மனை. வட்டத்தின் வாயிலேயே பேருந்து நிறுத்தம். அதற்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோக்கள். அவற்றுக்குப் பின்னால் தள்ளுவண்டிக் கடைகள். நுழைவாயில் நிற்கும் ஒரு பேருந்து ரவுண்டானாவை மறுபடி நாற்சந்தி ஆக்கிவிடும். இவை வட்டத்தின் குற்றங்கள் இல்லை. வெள்ளைக் கோட்டாலும் திட்டாலும், நிறுத்தத்தை 50 மீட்டர் தள்ளி வைப்பதாலும் சரியாகக்கூடியவை. இடம் போதாது என்பதும் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. ஒற்றைத் தட ரவுண்டானாவுக்கு வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 27 முதல் 55 மீட்டர் வேண்டும். மினி ரவுண்டானாவுக்கு அதில் பாதி. நான்கு தடங்களும் வலதுபுறத் திருப்பத்துக்குத் தனித் தடமும் ஒதுக்கிய சிக்னல் சந்திப்பு அதைவிடக் குறைவான நிலத்தைக் கேட்பதில்லை, விளக்கின் பராமரிப்பையும் மின்கட்டணத்தையும் காவலரின் பணிநேரத்தையும் ஆண்டுதோறும் கேட்கிறது.

1997இல் சுவீடன் நாடாளுமன்றம் 'விஷன் ஜீரோ' என்ற கொள்கையை ஏற்றபோது, சாலையில் நேரும் மரணத்துக்கு ஓட்டுநரோடு சேர்த்துச் சாலையை வடிவமைத்தவரும் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டது. ரவுண்டானாவுக்கான வாதத்தின் வேர் அதுவே. அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் எளிய வழி உண்டு. நியூயார்க் மாநிலச் சாலைத் துறை போன்ற சில அமைப்புகள், சந்திப்பைப் புதிதாகக் கட்டும்போதோ மாற்றும்போதோ ரவுண்டானா பொருந்துமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. இதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். இன்று ஒரு சந்திப்பில் ரவுண்டானா வேண்டும் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சிக்னல் போடுபவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதைத் திருப்பிப் போடுவோம். மாவட்டத்தில் விபத்து அடிக்கடி நேரும் சந்திப்புகளின் பட்டியல் காவல்துறையிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் இருக்கிறது. அவற்றில் நாளொன்றுக்கு 20,000 வண்டிகளுக்கு உட்பட்டவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இங்கே ஏன் ரவுண்டானா கூடாது என்று எழுத்தில் காரணம் கேட்போம். சரியான காரணம் இருந்தால் சிக்னல் வரட்டும். இல்லாத இடத்தில் மண்ணும் கல்லும் வெள்ளைக் கோடும் போதும், பெரிய நிதி வேண்டியதில்லை. ஓட்டுநர்கள் திருந்தட்டும் என்று காத்திருப்பதற்கு இனி நமக்கு உரிமை இல்லை.